பழைய வேலையை ஏன் விட்டீர்கள்? நேர்காணலில் சொல்வதும் காகிதத்தில் இருப்பதும்: கேள்வி பதில்

வேலையை ஏன் விட்டோம் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். எவ்வளவு சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். இந்தியாவில் தனியார் நிறுவனங்களில் வேலை தேடுவோருக்காக இந்தப் பக்கம். ஐ.டி., வங்கி, ஆலை, ஏற்றுமதி நிறுவனம், பள்ளி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மாதிரிப் பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒப்பிக்கிற பதில் எதிரே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்டு என்ன தெரிந்துகொள்கிறார்கள்?

மூன்று சந்தேகங்கள் அவர்களுக்கு. இவர் இங்கேயும் சீக்கிரம் கிளம்பிவிடுவாரா? அங்கே ஏதாவது தகராறு செய்துவிட்டு வந்தவரா? சொல்வது உண்மைதானா? முதல் இரண்டையும் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் பேச்சை வைத்தே எடை போடுவார். மூன்றாவதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. அதைப் பின்னணிச் சரிபார்ப்பு ஏஜென்சி பார்த்துக்கொள்ளும். நேர்காணலில் நன்றாக எடுபட்ட பொய், ஆஃபர் வாங்கிப் பழைய இடத்தில் ராஜினாமாவும் கொடுத்த பிறகு வெளிப்படுவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே கேள்வி குறைந்தது மூன்று முறை வரும். முதலில் ரெக்ரூட்டர் போனில் கேட்பார், பிறகு துறை மேலாளர், கடைசியில் ஹெச்.ஆர். சுற்று. இதற்கு மேல் விண்ணப்பப் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கும். ரெக்ரூட்டரிடம் "சம்பளம்" என்றும் மேலாளரிடம் "வளர்ச்சி" என்றும் சொன்னால், இரண்டு குறிப்பும் ஒரே கோப்பில்தான் சேரும்.

பதில் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி. நான்கு வாக்கியம் போதும்: அங்கே என்ன வேலை பார்த்தீர்கள், ஏன் வெளியே வந்தீர்கள், இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று வந்தீர்கள். ஓசூரில் ஓர் ஆலையிலிருந்து வருபவர் இப்படிச் சொல்லலாம் (பி.பி.ஏ.பி. என்பது உதிரிபாகத்தை உற்பத்திக்கு ஏற்கும் தர ஒப்புதல் நடைமுறை):

"மூணு வருஷம் மெஷின் ஷாப்ல ஷிஃப்ட் இன்சார்ஜா இருந்தேன். அங்க சி.என்.சி. லைன் ரெண்டுதான், குவாலிட்டி பக்கம் போறதுக்கு இடமே இல்ல. உங்க விளம்பரத்துல புது லைன் கமிஷனிங்கும் பி.பி.ஏ.பி. வேலையும் போட்டிருந்தீங்க. அதைப் பார்த்துதான் அப்ளை பண்ணேன்."

இத்தோடு நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கடினம். நீங்கள் முடித்ததும் எதிரே இருப்பவர் ஐந்தாறு விநாடி எழுதிக்கொண்டிருப்பார். அந்த மௌனம் தாங்காமல் "அது மட்டும் இல்ல சார்..." என்று தொடங்கும் வாக்கியத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் போனில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பழைய இடத்தைப் பற்றிய புலம்பல்தான் கூடியிருக்கும். அதை வெட்டுங்கள்.

சம்பளம் போதவில்லை என்று சொல்லலாமா?

சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதுவே முதல் காரணமாகவும் ஒரே காரணமாகவும் இருந்தால், "ஐயாயிரம் கூடக் கிடைத்தால் இங்கேயிருந்தும் போவார்" என்று கணக்குப் போடுவார்கள். வேலை சார்ந்த காரணம் முன்னால் வரட்டும், சம்பளம் அதன் பின்னால் வரட்டும். "சம்பளம் ரொம்பக் கம்மி" என்பது புகார். "ரெண்டு அப்ரைசல் போச்சு, ரெண்டுலயும் ஹைக் இல்ல, கம்பெனி முழுக்கவே நிறுத்தி வெச்சிருந்தாங்க" என்பது தகவல். தகவலாகச் சொல்லுங்கள்.

வாங்குகிற சம்பளத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், பல இடங்களில் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள். சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) என்று ஒரே தொகையாகச் சொல்லாமல், நிலையான பகுதி இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு, அதில் போன ஆண்டு கைக்கு வந்தது இவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் பிறகு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மேலாளரோடு ஒத்துப்போகவில்லை. அதுதான் உண்மை. என்ன செய்வது?

ஆளைப் பற்றிப் பேசாமல் வேலை நடந்த விதத்தைப் பற்றிப் பேசுங்கள். சொல்லப்போகும் வாக்கியத்தில் தேதியோ எண்ணோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். "அவர் யாரையும் மதிக்க மாட்டார்" என்பதில் வைக்க முடியாது. "ஒரு வருஷத்துல மூணு தடவை ரிப்போர்ட்டிங் மாறிச்சு, ஒவ்வொரு தடவையும் டார்கெட்டை முதல்ல இருந்து போட்டாங்க" என்பதில் முடிகிறது. முதலாவது உங்கள் கருத்து. இரண்டாவதைக் கேட்பவர் தானே ஒரு முடிவுக்கு வருவார், அதுவும் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

"ஆஃபீஸ் பாலிடிக்ஸ்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். சொல்பவர் அதை நியாயம் என்று நினைக்கிறார். கேட்பவர் காதில் அது "இவருக்கு யாரோடும் ஒத்துப்போகாது" என்றுதான் விழுகிறது. ஒரு துறை ஒரே ஊரில் குவிந்திருக்கும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். திருப்பூர் பின்னலாடையிலும், கோவை பம்ப் தொழிலிலும், ஆம்பூர் ராணிப்பேட்டை தோல் தொழிலிலும் நீங்கள் குறை சொல்லும் ஆள் எதிரே இருப்பவரின் பழைய சகாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்குறைப்பில் போனது. சொன்னால் மதிப்புக் குறையுமா?

குறையாது. சொல்வதற்கு எளிதான காரணமே இதுதான். ஆனால் ஏதோ குற்றம் செய்தது போலக் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கெடுத்துக்கொள்கிறார்கள். 2022 கடைசியிலிருந்து மென்பொருள் துறையில் நடந்த ஆட்குறைப்புகளுக்குப் பிறகு, இதைக் கேட்டுப் புருவம் உயர்த்தும் ரெக்ரூட்டர் குறைவு. எப்போது, எந்தப் பிரிவு, எத்தனை பேர் என்பதைச் சொல்லுங்கள்:

"மார்ச்ல கிளையன்ட் ப்ராஜெக்ட்டை நிறுத்திட்டாங்க. டீம்ல பதினெட்டு பேர், அதுல பதினொரு பேரை எடுத்தாங்க. நானும் அதுல ஒருத்தன்."

அடுத்து "ஏன் உங்களை?" என்று வரும். அதற்கும் தயாராகப் போங்கள். முழுப் பிரிவையும் மூடியிருந்தால் அதைச் சொன்னால் போதும். சிலரை மட்டும் எடுத்திருந்து காரணம் சொல்லவில்லை என்றால், "எந்த அடிப்படைன்னு எங்ககிட்ட சொல்லல. கடைசி ரெண்டு வருஷ ரேட்டிங் லெட்டர் என்கிட்ட இருக்கு" என்று காகிதத்தின் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். அந்தக் கடிதங்களை அலுவலக மெயில் மூடப்படும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். ராஜினாமா மெயில், அதை ஏற்ற மெயில், நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள் ஆகியவை உங்களுக்குரியவை. வாடிக்கையாளர் கோப்பு எதையும் அவற்றோடு சேர்த்து எடுத்து வராதீர்கள். அது தனி வம்பு.

"நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்றார்கள், கொடுத்தேன். இப்போது என்ன சொல்வது?

இது பரவலாக நடப்பதுதான். ரிலீவிங் லெட்டரில் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) "ராஜினாமா" என்று இருக்கிறதே என்று "நல்ல வாய்ப்பு தேடி வந்தேன்" என்று சொல்லப் பலருக்கும் ஆசை வரும். அடுத்த கேள்வியிலேயே அது உடையும்: "கையில வேலை இல்லாம ஏன் விட்டீங்க?" அதைவிட நேராகச் சொல்வது எளிது. "கம்பெனியில ஆட்குறைப்பு நடந்துச்சு. எங்க எல்லாரையும் ராஜினாமா கொடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அதனால லெட்டர்ல ராஜினாமான்னுதான் இருக்கும்." காகிதத்தில் இருப்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால் பிறகு கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் மூன்று விஷயங்களை மெயிலில் கேட்டு வாங்குங்கள்: ரிலீவிங் லெட்டரின் வாசகம் என்ன, நோட்டீஸ் காலச் சம்பளம் எவ்வளவு, சரிபார்ப்பு வந்தால் வெளியேறிய காரணமாக எதைச் சொல்வார்கள். வாய்ச்சொல்லாக வாங்கிய உறுதி, அந்த ஹெச்.ஆர். வேறு நிறுவனத்துக்குப் போகும் நாள் வரைதான் செல்லும். எதிர்த்து வழக்காடும் எண்ணம் இருந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கையெழுத்துக்கு முன் பாருங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு, அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

பி.ஐ.பி.யில் (வேலைத் திறனைக் குறித்த காலத்துக்குள் மேம்படுத்தச் சொல்லும் திட்டம்) வைத்தார்கள். அதற்குள் நானே வெளியே வந்துவிட்டேன். சொல்ல வேண்டுமா?

நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "பெர்ஃபார்மன்ஸ்ல ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?" என்று நேராகக் கேட்டால் மறுக்காதீர்கள். எங்கே சறுக்கியது என்பதை எண்ணோடு சொல்லுங்கள். விற்பனையில் இருப்பவர் என்றால் இப்படி:

"குவார்ட்டருக்கு 40 லட்சம் டார்கெட். ரெண்டு குவார்ட்டர்ல 28, 31-ல நின்னுது. புது ஏரியா, டீலர் நெட்வொர்க்கே இல்லாத இடம், அதை உருவாக்க நான் எடுத்துக்கிட்ட நேரம் அதிகம்தான். அதுக்கு முன்ன ஈரோடு ஏரியாவுல ஆறு குவார்ட்டரும் டார்கெட் முடிச்சிருக்கேன்."

"நேரம் அதிகம்தான்" என்ற இடத்தைக் கவனியுங்கள். தவறில் தன் பங்கை ஒப்புக்கொள்ளும் அந்த அரை வாக்கியம் இல்லாவிட்டால் முழுப் பதிலும் சாக்காகிவிடும்.

ஒழுங்கு நடவடிக்கை எடுத்து நீக்கிவிட்டார்கள்.

இருப்பதிலேயே கடினமானது இது, இனிப்பு தடவிச் சொல்ல முடியாது. பல நிறுவனங்களின் படிவத்தில் "இதற்கு முன் பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா?" என்ற கட்டமும், கீழே தகவல்கள் உண்மை என்ற உறுதிமொழியும் இருக்கும். அங்கே "இல்லை" என்று போட்டுக் கையெழுத்திட்டால், நான்கு ஆண்டு கழித்துத் தெரிய வந்தாலும் அந்தப் பொய்யையே காரணமாக வைத்து வெளியே அனுப்பலாம். பழைய குற்றத்தைவிட இது பெரிய ஆபத்து.

என்ன நடந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அதில் உங்கள் தவறு எது என்பதையும், அதன் பிறகு என்ன மாறியது என்பதையும் சொல்லுங்கள். விசாரணை அறிக்கை, பாக்கி இல்லை என்ற சான்று இருந்தால் நகல் கையில் இருக்கட்டும். வருகைப் பதிவு, வாக்குவாதம் போன்றவற்றை ஒத்துக்கொண்டு கடந்துவிடலாம். பணக் கையாடல், போலி ஆவணம் என்றால் வங்கி, நிதித் துறைகளில் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். சரிபார்ப்பில் அவ்வளவு இறுக்கம் இல்லாத சிறு நிறுவனம் ஒன்றில், உண்மையைச் சொல்லியே சேர்ந்து, இரண்டு ஆண்டு சுத்தமான பெயர் எடுப்பதுதான் நடைமுறையில் பலிக்கும் வழி.

நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டேன். ரிலீவிங் லெட்டர் இல்லை. "அப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று போட்டிருக்கிறார்கள்.

புது இடத்தில் என்ன சொல்வது என்று யோசிக்கும் முன், பழைய இடத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். பணியாளர் எண், கடைசியாக வேலை பார்த்த தேதி, நோட்டீஸ் பாக்கியைக் கட்டத் தயார் என்ற உறுதி, லேப்டாப், அடையாள அட்டை எங்கே இருக்கிறது என்ற விவரம், எஃப் அண்ட் எஃப் (இறுதிக் கணக்குத் தீர்ப்பு) கணக்கும் ரிலீவிங் லெட்டரும் வேண்டும் என்ற கோரிக்கை எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் அதையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்ட வேண்டிய தொகையை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 90 நாள் நோட்டீஸ், 20 நாள் பார்த்தீர்கள், பாக்கி 70 நாள். அடிப்படைச் சம்பளம் மாதம் 24,000 என்றால் 24,000-ஐ 30-ஆல் வகுத்து 70-ஆல் பெருக்க, 56,000 ரூபாய். கணக்கு அடிப்படைச் சம்பளத்துக்கா மொத்தச் சம்பளத்துக்கா என்பது நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். மீதமுள்ள விடுப்பைக் கழித்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நேர்காணலில்: "நோட்டீஸ் முழுசா முடிக்கல. அது என் தப்புதான். பாக்கியைக் கட்டி முடிச்சுக்கறேன்னு போன மாசமே எழுதியிருக்கேன், மெயில் இருக்கு." அனுப்பாத மெயிலைப் பற்றி மட்டும் பேசிவிடாதீர்கள்.

ஒரு கம்பெனியில் மூன்று மாதம்தான் இருந்தேன். ரெஸ்யூமில் விட்டுவிடலாமா?

அங்கே பி.எஃப். பிடித்தார்களா என்று முதலில் பாருங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதித் (பி.எஃப்.) திட்டத்துக்குள் வருகின்றன. ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். (பி.எஃப்.க்கான நிரந்தர எண்) தான். எத்தனை நிறுவனம் மாறினாலும் ஒவ்வொரு இடத்தின் உறுப்பினர் எண்ணும் அதன் கீழேயே வந்து சேரும். இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப். அமைப்பு) உறுப்பினர் தளத்தில் உள்ளே போய் "வியூ" பகுதியில் "சர்வீஸ் ஹிஸ்டரி"யைத் திறந்தால் எங்கே எப்போது சேர்ந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள் என்று வரிசையாக நிற்கும். அந்தப் பக்கத்தையே நகல் எடுத்துத் தரச் சொல்கிறார்கள் இப்போது. வரி பிடித்திருந்தால் உங்கள் பெயரில் பிடித்த வரியைப் பட்டியலிடும், வருமான வரித் தளத்தின் 26 ஏ.எஸ். படிவத்திலும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

எனவே மறைத்தால் சிக்கும். ஒரு பக்க ரெஸ்யூமில் சில வார வேலையை விட்டுவிடுவது பெரிய குற்றமல்ல. ஆனால் "இதுவரை வேலை பார்த்த எல்லா இடங்களும்" என்று கேட்கும் படிவத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். காரணம் எளிதுதான்: "சேரும்போது டெவலப்மென்ட்னு சொன்னாங்க, போன பிறகு நைட் ஷிஃப்ட் சப்போர்ட் கொடுத்தாங்க. ரெண்டு மாசம் பேசிப் பார்த்தேன், மாறல." இந்தக் காரணம் ஒருமுறைதான் செல்லுபடியாகும். இரண்டு நிறுவனங்களுக்கு இதையே சொன்னால், சேருமுன் விசாரிக்கத் தெரியாதவர் என்று ஆகிவிடும்.

சர்வீஸ் ஹிஸ்டரியில் வெளியேறிய தேதியே இல்லை, அல்லது தவறாக இருக்கிறது.

நேர்காணலுக்குக் கிளம்பும் முன்பே சரிசெய்ய வேண்டியது இது. பழைய நிறுவனம் தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே பதியலாம்: "மேனேஜ்" பகுதியில் "மார்க் எக்ஸிட்", அதில் நிறுவனத்தைத் தேர்ந்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட வேண்டும். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைக் கொடுங்கள். அவசரத்தில் தப்பான தேதியைப் போட்டுவிட்டால் திருத்துவதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் (நீங்களும் நிறுவனமும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) என்று தனியாக அலைய வேண்டியிருக்கும்.

பழைய இடத்தின் வெளியேறிய தேதி புது இடத்தில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போலத் தோன்றும். ஒரு நாள், இரண்டு நாள் குறுக்கீடு பெரும்பாலும் எழுத்துப் பிழைதான், ரிலீவிங் லெட்டரைக் காட்டினால் தீரும். மூன்று மாதம் என்றால் அதற்கு எழுத்துப் பிழை என்று பெயர் சொல்ல முடியாது.

பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்திடம் என்னதான் கேட்பார்கள்?

பெரும்பாலும் ஒரு மெயில்தான் போகும். பதவி, சேர்ந்த தேதி, கடைசி நாள், பணியாளர் எண், கடைசிச் சம்பளம், வெளியேறிய காரணம், வெளியேறும் நடைமுறைகள் முடிந்தனவா, நடத்தையில் புகார் உண்டா, மறுபடி எடுப்பீர்களா. சில நிறுவனங்கள் தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்துவிட்டு மற்றதற்கு வாய் திறக்காது. இது வெளியேறிய காரணத்தைப் பொய்யாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும். உங்கள் பழைய நிறுவனம் எந்த ரகம் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது.

இன்னும் வேலையில் இருப்பவர்கள், படிவத்தில் "தற்போதைய நிறுவனத்தை இப்போது தொடர்புகொள்ளலாமா?" என்ற கட்டத்தில் "வேண்டாம், விடுபட்ட பிறகு" என்று குறிக்க மறக்காதீர்கள்.

குழந்தை பிறந்தது, பெற்றோருக்கு உடல்நலம் சரியில்லை என்று விட்டேன். இடையில் இரண்டு ஆண்டு போய்விட்டது.

ஒரே வாக்கியம் போதும். "பையன் பிறந்த பிறகு ரெண்டு வருஷம் வீட்ல இருந்தேன். இப்ப பார்த்துக்க ஆள் இருக்காங்க, ஜூன்ல இருந்து வேலை தேடறேன்." யார் பார்த்துக்கொள்கிறார்கள், மாமியாரா, காப்பகமா என்பதை விளக்க வேண்டியதில்லை. இதே கேள்வியை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் "ஆள் இருக்காங்க" என்ற இரண்டு சொல், அவர்கள் கேட்காமல் மனதில் வைத்திருக்கும் கேள்வியைத் தீர்த்துவிடும். அதன் பிறகு பேச்சைத் தொழிலுக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளியில் கற்றது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஜோடிக்க வேண்டாம்.

டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்த இடைவெளி என்றால் அவர்கள் பயம் வேறு: அடுத்த அறிவிப்பு வந்ததும் விடுப்புக் கேட்பார், தேறினால் போய்விடுவார். தேர்வை விட்டுவிட்டீர்கள் என்றால் தெளிவாகச் சொல்லுங்கள். இன்னும் எழுதுவதாக இருந்தால் "விட்டுட்டேன்" என்று சொல்லாதீர்கள்.

உடல்நலக் காரணம் என்றால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். "ஆறு மாதம் சிகிச்சை எடுத்தேன், முடிந்துவிட்டது, வேலை பார்க்கலாம் என்று மருத்துவர் சான்று தந்திருக்கிறார்." ஆலை வேலைக்குச் சேரும்போது எப்படியும் மருத்துவப் பரிசோதனை வைப்பார்கள். வேலையைப் பாதிக்கிற விஷயம் ஏதாவது இருந்தால், உதாரணமாக இரவு ஷிஃப்ட் பார்க்க முடியாது என்றால், அதை மட்டும் சொல்லுங்கள்.

பாலியல் தொல்லையால் விட்டேன். அதைச் சொல்வதா?

உங்கள் விருப்பம். சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. "வேலைச் சூழல் பாதுகாப்பாக இல்லை, அதனால் விலகினேன். அதற்கு மேல் பேச விரும்பவில்லை" என்பது முழுமையான பதில். நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் புகார் கொடுத்திருந்தால், 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அந்தப் புகாரின் விவரங்களை வெளியிடவே கூடாது. பழைய நிறுவனம் சரிபார்ப்பு மெயிலில் அதைச் சொன்னால் தவறு அவர்களுடையது. இந்தப் பதிலுக்குப் பிறகும் துருவுகிற நிறுவனம் எப்படிப்பட்டது என்பதை நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

பழைய நிறுவனமே மூடிவிட்டது, சம்பளமும் தரவில்லை.

மூடியது உங்கள் குற்றமல்ல, ஆனால் ஆதாரம் தேடுவது உங்கள் வேலையாகிவிடும். சரிபார்க்கப் போனால் மெயில் திரும்பி வரும். பி.எஃப். பாஸ்புக், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, நியமனக் கடிதம், அடையாள அட்டை, கூட வேலை பார்த்த மேலாளரின் இப்போதைய எண் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பதிவு பெற்ற கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தால் அதன் நிலை தெரியும். கம்பெனி பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கமே சாட்சி. "நாலு மாசம் சம்பளம் வரல, அஞ்சாவது மாசம் வெளிய வந்தேன்" என்று சொன்னால் யாரும் குறை காண மாட்டார்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தேன்.

"ஒப்பந்தம் முடிந்தது" என்பதே பெரும்பாலோர் விஷயத்தில் உண்மையான காரணம். ஆனால் கேட்பவர் மனதில் "அடுத்த விசா வந்தால் மறுபடி பறந்துவிடுவாரோ" என்ற எண்ணம் ஓடும். திரும்பி வந்ததற்கான காரணத்தையும், ஊரில் இருக்க முடிவெடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே பி.எஃப். பதிவு இல்லை என்பதால் அனுபவச் சான்று, விசாப் பக்கம், குடியிருப்பு அட்டை நகல், சம்பளம் வரவான வங்கி அறிக்கை ஆகியவைதான் ஆதாரம். சவூதியிலிருந்து ஃபைனல் எக்ஸிட்டில் (இறுதி வெளியேற்ற அனுமதியில்) வந்திருந்தால் அந்தக் காகிதத்தையும் வைத்திருங்கள். சம்பளத்தை ரூபாய்க்கு மாற்றி அதே தொகையை இங்கே எதிர்பார்ப்பதாகச் சொன்னால் பேச்சு அங்கேயே முடியும்.

இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். "ஏன் மாறணும்?" என்கிறார்கள்.

முன்னால் சொன்ன அதே நான்கு வாக்கியம்தான். இங்கே உண்மையான இடறல் நோட்டீஸ் பீரியட். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று இருக்கும்போது "30 நாளில் வந்துவிடுவேன்" என்று சொல்லி ஆஃபர் வாங்காதீர்கள். "90 நாள். பைஅவுட் பாலிசி இருக்கு, ஆனா மேனேஜர் ஒத்துக்கணும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள் (பைஅவுட் என்றால் மீதி நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டி முன்பே விடுபடுவது).

போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகான தடைகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்ட் வேறு கதை. குறைந்தது மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும், இல்லையேல் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாண்ட் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு, முடித்த ரசீதோடு போங்கள். பழைய நிறுவனத்தின் விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் பெயர்களையும் நேர்காணலில் அள்ளி விடுவது திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

படிவத்தில் "வெளியேறிய காரணம்" கட்டத்தில் என்ன எழுதுவது?

இரண்டு மூன்று சொல். "பிரிவு மூடப்பட்டது", "ஒப்பந்தம் முடிந்தது", "இடமாற்றம் ஏற்க இயலவில்லை", "உயர்பதவி வாய்ப்பு", "குழந்தை பராமரிப்பு". "சொந்தக் காரணம்" என்று மட்டும் எழுதினால் வெற்றுக் கட்டத்தைவிட அதிகமாகக் கேள்வி எழும்.

"பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டால் போவீர்களா?" என்று கேட்டார்கள். இது என்ன கேள்வி?

இரண்டு பக்கமும் பிடிக்கிற கேள்வி. "போவேன்" என்றால் இங்கே நிலைக்க மாட்டார், "ஒருநாளும் போக மாட்டேன்" என்றால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். விட்ட காரணத்தையே திருப்பிச் சொல்வதுதான் வழி. முதலில் பார்த்த ஓசூர் ஆலைக்காரர் என்றால்: "அங்க நல்ல பேரோடதான் வெளிய வந்தேன். ஆனா நான் தேடற குவாலிட்டி வேலை அங்க இன்னும் இல்ல." நல்ல பெயரோடு வரவில்லை என்றால் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லுங்கள்.